தலைவர் மேசையில் முந்நூறு முட்டை

அந்த மின்நிலையத்தைப் பற்றி வாரியத்துக்கு இருந்த ஒரே குறை, அது ஒழுங்காக வேலை செய்தது என்பதுதான். வேலை செய்யாத மின்நிலையங்களை வாரியம் நிறையப் பார்த்திருக்கிறது. அவற்றைக் கவனிக்கத் தனிப் பிரிவு உண்டு, அந்தப் பிரிவில் பதவி உயர்வும் உண்டு. சத்தமில்லாமல், புகையில்லாமல், ஒருவர் கண்ணிலும் படாமல் கரண்ட் தயாரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை என்ன செய்வது என்றுதான் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்தைத் தாண்டினால், கம்பி வேலிக்குள் மூன்று இரும்புப் பெட்டிகள் இருக்கும். அவ்வளவுதான் மின்நிலையம். அந்த இடத்தில் பூமிக்கு அடியில் எந்நேரமும் சுடுதண்ணீர் கிடக்கிறது. ஒரு குழாய் அதை மேலே கொண்டுவரும். அதன் சூட்டில் இன்னொரு திரவம் ஆவியாகும், ஆவி சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் கரண்ட் கொடுக்கும். சூட்டை இழந்த தண்ணீர் வேறொரு குழாய் வழியாக வந்த இடத்துக்கே திரும்பிவிடும். எல்லாம் மூடிய குழாய்க்குள் நடந்து முடிந்துவிடுவதால் வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாது, ஒரு இழை புகை வராது. நிலக்கரியும் வேண்டாம், மழையும் வேண்டாம்.

"பூமி இருக்கிற வரைக்கும் கரண்ட் இருக்கும்க்கா" என்று கோழியக்காவிடம் சொன்னவன் அவளுடைய தம்பி. அவன் அங்கே ஆபரேட்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகாதவர்களுக்குத்தான் வேலை செய்யும் இடத்தின் மேல் அத்தனை நம்பிக்கை இருக்கும்.

கோழியக்கா கோழி வளர்க்கிறவள் இல்லை. கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவள். பண்ணைகளில் முட்டை வாங்கி, கரண்டில் சூடாகும் அலமாரிகளில் அடுக்கி, மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகளாக விற்பாள். அந்த மூன்று வாரமும் சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தாய்க்கோழி செய்ய வேண்டிய வேலையைக் கரண்ட் செய்கிறது. ஆனால் தாய்க்கோழி பாதியில் எழுந்து போகாது, கரண்ட் போய்விடும். அதனால் பொரிப்பகத்தின் பின்பக்கம் ஒரு டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தாள். விலாவில் இரண்டு உதை விட்டால்தான் கிளம்பும், ஓடும்போது திடீரென்று விக்கும், மறுபடி உதைத்தால் ஓடும். அந்த உதையின் பக்குவம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

புது மின்நிலையத்தின் கரண்ட் வந்து சில மாதம் ஆயிற்று. ஒரு தடவைகூட நிற்கவில்லை. வாரியமும் பெருமையாகப் பழைய லைனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது. கோழியக்கா தம்பியின் பேச்சைக் கேட்டு ஜெனரேட்டரை விற்றாள். அவள் கணவர் முட்டை வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கும் பேசவில்லை. தொண்டையை மட்டும் ஒரு தடவை செருமினார். கல்யாணமான நாள் முதல் கோழியக்காவுக்கு உலகத்திலேயே பிடிக்காத சத்தம் அது.

இதற்கிடையில் வாரியத்துக்கு ஒன்று உறைத்தது. மின்நிலையம் ஓடுகிறதே தவிர, இன்னும் திறந்து வைக்கப்படவில்லை. திறந்து வைக்காத நிலையம் வாரியத்தின் கணக்கில் ஓடுவதில்லை. ஊரார் வீடுகளில் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் அதுவரை சட்டப்படி எரியவில்லை. ஆகவே வாரியத் தலைவரை அழைத்து விழா எடுப்பது என்று முடிவானது. ஏற்பாடுகளைப் பார்க்கத் தலைமையகத்திலிருந்து விழா அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார்.

அவர் வந்த அன்று கோழியக்கா தம்பிக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போயிருந்தாள். விழா அதிகாரி மூன்று பெட்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். காது வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு நிலையத்தின் பெரிய பொறியாளரைக் கூப்பிட்டார்.

"எங்க நடக்குது?"

"உள்ள நடக்குது, சார்."

"தெறந்து காட்டுங்க."

"தெறந்தா நின்னுடும், சார்."

விழா அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் முப்பது வருஷமா மின்நிலையம் திறந்து வெக்கிறவன். ஒவ்வொண்ணுலயும் ஒரு புகைபோக்கி இருக்கும். தலைவர் அண்ணாந்து பார்ப்பார். அவர் அண்ணாந்து பார்த்தா பின்னால நிக்கிறவங்க எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. அதுதான் போட்டோ. இங்க வந்து அவர் எதைப் பார்ப்பார்? குனிஞ்சு தரையைப் பார்ப்பாரா? தலை குனிஞ்ச தலைவர்னு பேப்பர்காரன் போட்டுடுவான். நாலு நிலையம் நான் திறந்து வெச்சதுக்கு அப்புறம் ஓடவே இல்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டாங்களா? புகைபோக்கி இருந்துச்சு. அதனால கேக்கல."

சாப்பாட்டு டப்பாவோடு நின்ற கோழியக்காவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஊரெல்லாம் லைட் எரியுதே, சார். அதைக் காட்டலாமே" என்றாள்.

"அது உங்க வீட்ல எரியுது, அம்மா. இங்க என்ன எரியுது?" என்று கேட்டார் விழா அதிகாரி. பெரிய பொறியாளர் தலை குனிந்தார். இத்தனை வருடம் படித்து, ஒன்றையும் எரிக்காத ஒரு நிலையத்துக்குப் பொறுப்பாளராக வந்துவிட்டோமே என்ற வெட்கம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

புகைபோக்கி எழும்பியது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, ஊரில் உள்ள எந்தக் கட்டடத்தையும்விட உயரமாக நின்றது. அதற்கும் மின்நிலையத்துக்கும் நடுவே எந்தக் குழாயும் கிடையாது. பக்கத்தில் நின்றது என்பதைத் தவிர வேறு சம்பந்தமே இல்லை. அதற்குள்ளிருந்து என்ன வரும் என்ற கேள்வி எழுந்தபோது, பூமியிலிருந்து வரும் சுடுதண்ணீரையே கொஞ்சம் திறந்துவிட்டால் ஆவி பறக்குமே என்று தம்பி சொல்லிப் பார்த்தான். கூடாது என்றார் பெரிய பொறியாளர். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு குறையாமல் பூமிக்குத் திரும்ப வேண்டும், விதி அப்படி. ஆகவே புகைபோக்கியின் அடியில் ராட்சத பாய்லர் ஒன்றை வைத்து, அதில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, கரண்டால் சூடாக்கினார்கள். கொதிக்கிற தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்து, அந்தக் கரண்டை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் உலகத்தின் முதல் நிலையம் இதுதான் என்று விழா அதிகாரி சொன்னார். அதை அவர் பாராட்டாகவே சொன்னார்.

பாய்லர் கரண்டை மடக் மடக்கென்று குடித்தது. அது ஓடும்போது ஊருக்குக் கொடுக்க மிச்சம் எதுவும் இருக்காது. முதலில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று ஒத்திகை நடந்தது. ஊர் இருண்டு கிடக்க, புகைபோக்கி வெள்ளை வெளேரென்று ஆவியைக் கக்கும். ஜனங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். விழா அதிகாரி சொன்னது சரிதான், எல்லாரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள்.

அடுத்த குறை சத்தம். நிலக்கரி நிலையம் ஒன்றின் இரைச்சலைப் பதிவு செய்து கொண்டுவந்து, நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டி ஓடவிட்டார்கள். பிறகு சக்கரம். தலைவர் கையால் திருகுவதற்கென்று வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு சிவப்புத் திருகு செய்து தூணில் மாட்டினார்கள். அதைத் திருகினால் எதுவும் திறக்காது, மூடாது. தலைவர் சிரமப்படக் கூடாது என்பதால் விரலால் தொட்டாலே சுழலும். ஆனால் இது சிரமமான வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக, தலைவருக்கு முன்னால் ஒரு ஊழியர் அதைத் திருக முயன்று, முடியாமல் தோற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் கோழியக்காவின் தம்பி.

"நல்லாத் தோத்தா வேலையை நிரந்தரம் பண்றோம்னு சொல்லியிருக்காங்கக்கா" என்றான் தம்பி. பற்களைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, எடையே இல்லாத சக்கரத்தோடு தினமும் போராடிப் பழகினான். ஒரு வாரத்தில் தோற்பதில் நல்ல பேர் எடுத்துவிட்டான்.

கோழியக்காவுக்குத் தம்பியின் தோல்வியை ரசிக்க நேரமில்லை. அலமாரியில் முந்நூறு முட்டைகள் இருந்தன. கையிலிருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய முட்டைகள். ஒரு மணி நேரக் கரண்ட் தடையை அவள் சமாளித்தாள். அலமாரியைச் சுற்றி வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் சுற்றினாள், சுடுதண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கினாள். கணவர் போர்வை இல்லாமல் படுத்தார், செருமினார். முட்டைகள் எப்படியோ தாங்கிக்கொண்டன. இன்னும் மூன்று நாளில் பொரிந்துவிடும் என்ற நிலையில், மைக் கட்டிய வண்டி தெருவில் வந்தது. மறுநாள் காலையிலிருந்து விழா முடியும்வரை மூன்று நாளைக்கு ஊருக்குக் கரண்ட் கிடையாது என்று அறிவித்துவிட்டு, மின் உற்பத்தியில் ஊர் தன்னிறைவு அடைந்ததற்கு வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனது.

மூன்று மணி நேரமென்றால் போர்வை தாங்கும். மூன்று நாளென்றால் முட்டைகள் எல்லாம் செத்துப்போகும். கோழியக்கா முதலில் ஜெனரேட்டரை வாங்கியவனிடம் ஓடினாள். வாடகைக்காவது கொடு என்று கேட்டாள்.

"அது இல்லையேக்கா. வாரியம் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றான் அவன்.

"வாரியத்துக்கு எதுக்கு ஜெனரேட்டர்?"

"விழா மைக்குக்கும் ஒலிபெருக்கிக்கும். நம்ம கரண்டை நம்பி மைக் வைக்க முடியாதுன்னு சொன்னாங்க."

அங்கிருந்து நேராக மின்நிலையத்துக்குப் போனாள். பெரிய பொறியாளர் அறையில் புகைபோக்கியின் போட்டோவைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் அதே புகைபோக்கி தெரியும்.

"சார், மூணு நாளைக்குக் கரண்ட் இல்லன்னா என் முட்டை எல்லாம் போச்சு சார். உயிர் உள்ள முட்டை."

"கரண்ட் இல்லன்னு யாரு சொன்னது, அம்மா? உற்பத்தி முழு அளவுல நடக்குது. ஒரு யூனிட் குறையல. நீங்க கேக்குறது வினியோகம். அது வேற பிரிவு."

"அந்தப் பிரிவு எங்க இருக்கு, சார்?"

"அதுக்கும் நான்தான் பொறுப்பு. ஆனா திங்கக்கிழமை மட்டும்தான்."

"விழா அன்னைக்கு மட்டும் புகை விட்டாப் போதாதா, சார்? மூணு நாள் முன்னாடியே எதுக்கு?"

பெரிய பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் கோழியக்காவின் மேல் அவருக்கு இரக்கம்கூட இருந்தது. "தலைவர் வர்ற நேரத்துல மட்டும் புகை வந்தா, தலைவருக்காக விட்ட மாதிரி ஆயிடும், அம்மா. அது ஏமாத்து வேலை. நாங்க அதெல்லாம் செய்ய மாட்டோம்."

கோழியக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கத் திரும்பியவள், பக்கத்து அறையில் ஒரு பொருளைப் பார்த்தாள்.

அது தலைவர் மேசை. மின்நிலையத்தின் நிஜமான கட்டுப்பாடெல்லாம் ஒரு சின்னத் திரையில் அடங்கிவிடுகிறது, தம்பி அதை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்வான். தலைவர் முன்னால் அதைக் காட்டினால் கேவலம் என்று, எட்டுப் பேர் சுற்றி உட்காரும் அளவுக்கு மரத்தில் ஒரு மேசை செய்திருந்தார்கள். மேலே வரிசை வரிசையாகச் சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடிகள். நடுவில் பெரிய பொத்தான் ஒன்று. கண்ணாடிகள் பளிச்சென்று ஒளிர, உள்ளே பழைய காலத்துக் குண்டு பல்புகள் எரிந்தன. மற்றபடி மேசைக்குள் காலி. பின்பக்கம் காற்றுப் போக நான்கு துளைகளும், திறந்து மூட ஒரு பலகையும் இருந்தன.

கோழியக்கா போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். இத்தனை வருடம் அலமாரிகளைத் தொட்டுப் பார்த்த கை. மரப்பெட்டி, உள்ளே பல்பு, பின்னால் துளை. அவள் தொழில் ஆரம்பித்தபோது வீட்டில் வைத்திருந்த முதல் பொரிப்புப் பெட்டியும் இப்படித்தான் இருந்தது. இவ்வளவு நன்றாகச் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது எப்பவும் எரியுமா, சார்?"

"அணைக்கவே கூடாதுன்னு உத்தரவு. அணைச்சா விழா அன்னைக்குத் திரும்ப எரியும்னு என்ன உத்தரவாதம்? அதனால இதுக்குத் தனி லைன், தனி பேட்டரி எல்லாம் போட்டாச்சு. ஊரே போனாலும் இது போகாது" என்றார் பெரிய பொறியாளர்.

கோழியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் செருமுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

மறுநாள் காலை கரண்ட் போவதற்கு முன்பே முட்டைத் தட்டுகளைத் துணியால் மூடி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலில் காவலாளி மறித்தான்.

"என்ன இது?"

"தலைவர் மேசைக்கு" என்றாள் கோழியக்கா.

அவள் பொய் சொல்லவில்லை. காவலாளி நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தான். விழா நெருங்கும் நேரத்தில் தலைவர் மேசைக்கு என்ன வருகிறது என்று விசாரிக்கும் அளவுக்கு அவன் முட்டாள் இல்லை.

தம்பிக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா, தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா!"

"டேய், பூமி இருக்கிற வரைக்கும் கரண்ட் இருக்கும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"பலகையைத் திற."

தட்டுகள் உள்ளே அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. ஓரத்தில் ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். வெப்பமானியைத் தொங்கவிட்டாள். கொஞ்சம் அதிகமாகக் காட்டியது. மஞ்சள் பல்புகளில் இரண்டைக் கழற்றியதும் சரியாக வந்து நின்றது. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிசாகத் தட்டும் சத்தம். நேற்று அழாத அழுகையை அங்கேயே மேசை மேல் சாய்ந்து அழுதாள்.

அழுதுகொண்டிருந்தவளை விழா அதிகாரி பார்த்துவிட்டார். யார் என்று கேட்டார். தம்பியின் வாயில் என்ன வருகிறதென்று அவனுக்கே தெரியவில்லை. "மேசை துடைக்கிறவங்க, சார்" என்றான்.

விழா அதிகாரி நெகிழ்ந்துபோனார். வாரியச் சொத்தின் மேல் சாய்ந்து அழுகிற ஊழியரை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததே இல்லை. கோழியக்காவுக்கு ஒரு ஹெல்மெட்டும் ஒரு மஞ்சள் துணியும் கொடுக்க உத்தரவிட்டார். அதோடு அவள் அந்த மேசையின் ஆள் ஆகிவிட்டாள். மூன்று நாளும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மேசையைத் துடைத்தாள். பின்பக்கத்தை அவள் அடிக்கடி துடைப்பதை விழா அதிகாரி கவனித்தார். தலைவர் கண்ணில் படாத பக்கத்தையும் துடைக்கிறாளே என்று மற்ற ஊழியர்களைக் கூட்டி வைத்து அவளைக் காட்டி ஒரு சொற்பொழிவு செய்தார். அவள் வீட்டுக்குப் போன நேரங்களில் தம்பி துடைத்தான்.

வெளியே ஊர் மூன்று நாளாக இருட்டில் கிடந்தது. புகைபோக்கி ஓயாமல் புகைந்தது.

விழா நாளும் வந்தது. தலைவர் காரிலிருந்து இறங்கினார், அண்ணாந்து பார்த்தார், பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒலிபெருக்கிகள் நிலக்கரி இரைச்சலைப் பொழிந்தன. தம்பி சிவப்புச் சக்கரத்தோடு மல்லுக்கட்டி, வாழ்க்கையில் அதுவரை தோற்காத அளவுக்கு அற்புதமாகத் தோற்றான். தலைவர் அவனைத் தட்டிக்கொடுத்து விலக்கிவிட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். கைதட்டல் ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு எல்லாரும் மேசை இருந்த அறைக்கு வந்தார்கள். ஹெல்மெட்டும் மஞ்சள் துணியுமாகக் கோழியக்கா ஓரத்தில் நின்றாள். காலையில் பலகையைத் திறந்து பார்த்தபோதே பாதி முட்டைகளில் விரிசல் விழுந்திருந்தது. இப்போது உள்ளே என்ன நடக்கிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரைச்சல் மட்டும் நிற்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். மைக்கைப் பிடித்தார்.

"இந்த வாரியம் எதையும் மறைக்கிறதில்லை. எல்லாமே வெளிப்படை. நான் எந்த நிலையத்துக்குப் போனாலும் உற்பத்தியை நேர்ல பார்க்காம திரும்பினதில்லை. அதிகாரிகள் காட்டுறதை மட்டும் பார்த்துட்டுப் போற ஆள் நான் இல்லை. அதிகாரிகள் எதைக் காட்டணும்னு நானே முன்கூட்டியே சொல்லிடுவேன்…"

அந்த நேரம் பார்த்து வெளியே ஜெனரேட்டர் விக்கியது. கோழியக்காவுக்கு அந்த விக்கல் பழக்கமானது. அடுத்து நின்றுவிடும் என்று தெரியும். ஓடிப்போய் உதைக்கவும் வழியில்லை. மைக் செத்தது. நான்கு மூலையிலும் நிலக்கரி இரைச்சல் நின்றது. அறை நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் மேசைக்குள்ளிருந்து கீச், கீச் என்று ஒன்று கேட்டது, பிறகு பத்து, பிறகு ஒரு சந்தையே கூடியதுபோல் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் தலைவர்.

விழா அதிகாரிக்கு முப்பது வருட அனுபவம். தலைவர் கேட்கும் கேள்விக்குத் தெரியாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "உற்பத்தி, சார்" என்றார்.

தலைவர் குனிந்து மேசையில் காது வைத்தார். பின்னால் நின்றவர்களும் குனிந்தார்கள். நெடுநேரம் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. "நல்லா ஓடுதே!" என்றார்.

அப்போது பின்பக்கப் பலகை மெல்ல விலகியது. அன்று காலை பதற்றத்தில் தம்பி அதைச் சரியாக மூடவில்லை. மஞ்சள் பந்துபோல் ஒரு கோழிக்குஞ்சு தத்தித் தத்தி வெளியே வந்து, மேசையைச் சுற்றி நடந்து, தலைவரின் பளபளப்பான ஷூவுக்கு முன்னால் நின்று அவரை அண்ணாந்து பார்த்தது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பெரிய பொறியாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கோழியக்காவின் கையில் மஞ்சள் துணி கசங்கியது. தூக்கி வெளியே எறியுங்கள் என்று ஒரு வார்த்தை வந்தால், முந்நூறு உயிரும் தெருவில்தான். மேசை மேலேயே விழுந்து மறைத்துக்கொள்வது என்று அவள் முடிவு செய்து ஒரு அடி முன்னால் வைத்தாள்.

தலைவர் விழா அதிகாரியைப் பார்த்தார். விழா அதிகாரி தலைவரைப் பார்த்தார். இது என்ன என்று தலைவர் கேட்டால், அவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது என்று ஆகிவிடும். கேமராக்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தன. தலைவர் மெதுவாகக் குனிந்து அந்தக் குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது சூடாக இருந்தது.

"எத்தனையோ நிலையம் திறந்து வெச்சிருக்கேன்" என்றார். மைக் இல்லாததால் அவருடைய சொந்தக் குரல் எல்லாருக்கும் முதல் தடவையாகக் கேட்டது. "உற்பத்தியைக் கையில பிடிச்சுப் பார்க்கிறது இதுதான் முதல் தடவை."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெரிய பொறியாளர்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார்.

குஞ்சுகள் கிட்டத்தட்ட எல்லாமே நல்லபடியாகப் பொரிந்தன. கோழியக்கா அவற்றைப் பெட்டிகளில் போட்டு வண்டியில் ஏற்றியபோது, உற்பத்தி வினியோகத்துக்குப் போகிறது என்று காவலாளி மறுபடியும் சல்யூட் வைத்தான். தம்பிக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஆபரேட்டராக அல்ல, சக்கரம் திருக முயல்பவர், இரண்டாம் நிலை. சம்பளம் கொஞ்சம் அதிகம் என்பதால் அவனும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பாய்லரை யாரும் அணைக்கவில்லை. விழா முடிந்த பிறகும் புகைபோக்கி புகைந்துகொண்டே இருந்தது. திறந்து வைத்த நிலையம் புகையாமல் இருந்தால் ஓடவில்லை என்று ஆகிவிடுமாம். ஊர் மேலும் இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. மூன்றாம் நாள் பெரிய பொறியாளர் கோழியக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார், முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, தலைவர் ரொம்பத் திருப்தி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்கு வர்றேன்னு சொல்லிட்டார். உற்பத்தியை ரெண்டு மடங்கு ஆக்கணுமாம். நீங்கதான் எப்படியாவது…"

"முட்டை வேணுமா, சார்?"

"ஆமா, அம்மா."

"எனக்குக் கரண்ட் வேணும். எனக்கு மட்டும் இல்ல, ஊருக்கே. அந்தப் பாய்லரை அணைச்சாத்தான் வரும்."

"அதெப்படி அணைக்க முடியும்? புகை வராத நிலையம்னு ஒண்ணு இருக்க முடியுமா?"

கோழியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், உங்க நிலையத்துல இப்ப என்ன உற்பத்தி ஆகுது?"

"கோழிக்குஞ்சு."

"கோழி எங்கயாவது புகை விட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

பெரிய பொறியாளர் தாம் அறிந்த விதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அந்த முகம் தெளிந்தது.

"இல்லை. கோழி புகை விடாது" என்றார் மெதுவாக. "அப்படின்னா அணைக்கலாம்."

அரை மணி நேரத்தில் பாய்லர் நின்றது. ஊர் முழுக்க விளக்குகள் எரிந்தன, பொரிப்பகத்தின் அலமாரிகள் இரையத் தொடங்கின. தெருவில் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் கரண்ட் நிற்கவே இல்லை. பூமிக்கு அடியில் அதே சுடுதண்ணீர் அதே குழாயில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைவர் வருகிறார், மேசையில் காது வைத்துக் கேட்கிறார், திருப்தியாகப் போகிறார்.

விளக்கு எரிந்த அன்று மாலையே கோழியக்கா கணவரிடம் போய் நின்றாள். "அந்த ஜெனரேட்டரை எப்படியாவது திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"செருமாதீங்க, கிளம்புங்க" என்றாள் கோழியக்கா. "இந்தத் தலைவர் குஞ்சோட நிறுத்திக்கிட்டார். அடுத்து வர்றவர் மாடு கேட்டார்னா, அந்த மேசை தாங்காது."